இந்திராணியம்மாவின் நாலு வரி

கனகம்மாசத்திரம் வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. எனக்கு இந்தப் பக்கம் பழக்கமில்ல. நீங்க திருத்தணியா? அப்ப நல்லதாப் போச்சு, எனக்கு அப்புறம்தான் இறங்குவீங்க. இவ காலு உங்க மேல படுதா? படலைன்னு சொல்லாதீங்க, செருப்போட மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. இருங்க, கழட்டிடுறேன். ஆவடியில தூங்கினவ, இனி இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டா. ராத்திரி பூரா என்னைத் தூங்கவிடாம வெச்சுட்டு, பகல்ல பஸ்ஸில தூங்குறதுக்குன்னே வரம் வாங்கி வந்தவ. மூணு வயசு இன்னும் முடியல. லக்ஷிதான்னு பேரு, அவங்க அப்பா வெச்சது. எங்க அம்மாவுக்கு வாயில நுழையல, லச்சுங்குது.

பையில இருந்து எட்டிப் பாக்குறது சால்வைதான்க்கா. ஜரிகை போட்டது. எனக்கில்ல. எனக்கு யாரு போடுறா, நீங்க வேற. இது ஒரு எழுத்தாளரம்மாவுக்கு. மேடையில போட்டாங்க, அவங்க நாற்காலியிலயே விட்டுட்டுப் போயிட்டாங்க. மறந்துட்டாங்கன்னு நான் நினைச்சுக்கிட்டேன். மூணு வாரமா எங்க ஆபீஸ் பீரோவுல கிடந்தது. ஆனா நான் இவ்ளோ தூரம் வர்றது சால்வைக்காக இல்ல. அதுக்கு அடியில ஒரு கவர் இருக்கு. அதுக்காகத்தான்.

கவருக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். டைப் அடிச்சதே நான்தானே.

எங்க ஆபீஸ் பேரு நல்லேர் இலக்கிய முகமை. முகமைன்னா என்னன்னு கேப்பீங்க. சேர்ந்த அன்னிக்கு நானும் கேட்டேன். பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கத் தரகர் இருக்காருல்ல, அந்த மாதிரி புத்தகத்துக்கு. எழுத்தாளருங்க எழுதிக் குடுத்துடுவாங்க. அதைப் பதிப்பகத்துக்குக் கொண்டுபோறது, வேற பாஷையில போடுறவங்ககிட்ட காட்டுறது, சினிமாக்காரங்ககிட்ட பேசுறது எல்லாம் எங்க தயானந்தன் சார். தரகர்னு மட்டும் அவர் காதுல விழுந்துடக் கூடாது. ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிட்டு அரை நாள் திட்டு வாங்கினேன். மொத்தம் முப்பத்தாறு எழுத்தாளர். அவங்களுக்கு சார் ஒருத்தர், நான் ஒருத்தி. டைப் அடிக்கிறது, போன் எடுக்கிறது, கூரியர் கட்டுறது, டீ போடுறது, கூட்டுறது எல்லாம் நான். என் பேரு பச்சையம்மா. எங்க ஊரு செஞ்சி பக்கம். அங்க ஊருப் பள்ளிக்கூடத்துல பன்னெண்டாவது வரைக்கும் படிச்சேன், அப்புறம் டைப்பிங். சார் என்னைப் பச்சைன்னுதான் கூப்பிடுவார். எழுத்தாளருங்களும் அப்படியே பழகிட்டாங்க.

வருஷா வருஷம் டிசம்பர்ல ஒரு விழா நடத்துவோம். எழுத்தாளருங்க அந்த வருஷம் என்னென்ன சாதிச்சாங்கன்னு கொண்டாடுற விழா. அதுக்குப் பேரு ‘நல்லேர் அறுவடை’. ஏசி ஹாலுக்குள்ள அறுவடை! இந்த வருஷம் மேடை அலங்காரத்துக்கு நெற்கதிர் வேணும்னு சொல்லி, "பச்சை, நீ கிராமம்தானே, நாலு கட்டு கொண்டு வந்துடு"ன்னுட்டார். நான் இந்தப் புள்ளையையும் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயி, எங்க சித்தப்பா கழனியில அறுத்து, ஈரச்சாக்குல சுத்தி பஸ்ஸில கொண்டு வந்தேன். பாத்துட்டு, "என்ன பச்சையா இருக்கு? தங்க நிறமா இருக்கணும்ல"ங்கிறார். "சார், கதிர் இன்னும் பால்கூடப் பிடிக்கல. தை பொறந்தாத்தான் அறுப்பு. நீங்க மாசத்தை முன்னாடி வெச்சுட்டீங்க"ன்னேன். அப்புறம் யாரோ அதுக்குப் பொன் கலர் பெயிண்ட் அடிச்சாங்க. எங்க சித்தப்பாகிட்ட இதை இன்னும் சொல்லல. சொன்னா அவருக்கு வயிறெரியும்.

விழாவுக்கு ஒரு மலர் போடுவோம். ஒரு எழுத்தாளருக்கு ஒரு பக்கம். மேல போட்டோ, பேரு. கீழ சாதனை, வரி வரியா. இந்தப் பரிசு வாங்கினார், அந்த ஊருக்குப் போனார், நாவல் மூணாவது பதிப்பு வந்தது, இப்படி. யாருக்கு வரி அதிகமோ அவங்க பக்கம் முன்னாடி. கம்மியானவங்க பின்னாடி. ஒண்ணுமே இல்லாதவங்க கடைசி. மேடைக்குக் கூப்பிடுறதும் அதே வரிசைதான்.

அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான்க்கா என்னால பாக்க முடியாது. மேல போட்டோ சிரிச்சுக்கிட்டிருக்கும், கீழ வெள்ளையா இருக்கும். பந்தியில உக்காரவெச்சு, இலை போட்டு, தண்ணி தெளிக்கச் சொல்லிட்டு, அந்த இலைக்கு மட்டும் சோறு வைக்காமப் போற மாதிரி. போன வருஷம் அப்படி ஒரே ஒரு இலை. அது இந்திராணியம்மாவோடது.

இந்திராணியம்மா கனகம்மாசத்திரத்துல இருக்காங்க. ஐம்பத்திரண்டு வயசு. ரெண்டு நாவல் எழுதியிருக்காங்க, ஒரு சிறுகதைத் தொகுப்பு. எல்லாம் கையெழுத்துதான், எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. அவங்க ரெண்டாவது நாவலை நான்தான் டைப் பண்ணினேன். டைப் பண்றப்ப நான் கதையெல்லாம் படிக்கிறதில்லக்கா, கை அது பாட்டுக்குப் போகும். ஆனா அதுல ஒரு இடம், அடுப்புல பால் பொங்கி வழியுது, கதையில வர்ற பொம்பள பாத்துக்கிட்டே நிக்கிறா, அணைக்கல. அங்க கை நின்னுடுச்சு. ஏன்னு தெரியல. போயி டீ போட்டேன்.

ரெண்டு வருஷமா அவங்களுக்கு எதுவும் வரல. வாரத்துக்கு ஒரு போன் மட்டும் வரும். "பச்சை, எனக்கு ஏதாச்சும் வந்திருக்கா?" "இல்லம்மா, ஒண்ணும் வரல." "சரி, அடுத்த வாரம் கேக்குறேன்." அவ்வளவுதான். போன வருஷ மலர் போனப்ப மட்டும் கொஞ்ச நேரம் பேசினாங்க. "எங்க வீட்டுக்காரர் என் பக்கத்தைப் பாத்துட்டு, என்னடி கண்ணீர் அஞ்சலி மாதிரி போட்டிருக்கான், நீ உயிரோடத்தானே இருக்கே, போன் பண்ணிச் சொல்லேன்ங்கிறார்"னு சொல்லிச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அந்தப் பக்கத்தை லே அவுட் பண்ணினது நான்.

அதுக்கப்புறம் பிப்ரவரியில அவருக்கே பக்கவாதம் வந்துடுச்சு. ரயில்வேயில இருந்த மனுஷன், நல்ல உசரம், கனம். வலப்பக்கம் சுத்தமா விழுந்துபோச்சு. வியாழக்கிழமை வியாழக்கிழமை கைகாலுக்குப் பயிற்சி குடுக்க ஒருத்தர் வருவார். அந்த அரை மணி நேரந்தான் இந்தம்மாவுக்கு. மொட்டை மாடிக்கு வந்து எனக்குப் போன் பண்ணுவாங்க. சரியாப் பத்தரை. பத்தரைக்கு அடிச்சா நான் நம்பரைக்கூடப் பாக்க மாட்டேன்.

இது என்ன ஊருக்கா? பாண்டூரா? சரி சரி, இன்னும் இருக்கு.

சாரோட சட்டம் என்னன்னா, ரெண்டு வருஷம் சேர்ந்தாப்புல வெள்ளைப் பக்கம்னா முகமையிலிருந்து எடுத்துடுவார். போன வருஷம் வெள்ளை. இந்த வருஷமும் வெள்ளைன்னா இந்திராணியம்மா வெளிய. வெளியன்னா, அவங்க புத்தகத்தைக் கையில எடுத்துக்கிட்டுப் போயி ஒருத்தர்கிட்ட பேச ஆளில்ல. அதை விடுங்க. "எனக்கு ஏதாச்சும் வந்திருக்கா"ன்னு கேக்க ஒரு போன் நம்பர் இல்ல.

அக்டோபர் கடைசியில மலருக்காக எல்லாருக்கும் போன் போட்டேன். "இந்த வருஷம் உங்க சாதனை என்னன்னு சொல்லுங்க, டைப் பண்ணிக்கிறேன்." சார் அதுக்கும் ஒரு சட்டம் வெச்சிருக்கார்: அவங்க சொல்றதை அப்படியே போடணும், ஒரு எழுத்து மாத்தக் கூடாது. அது ஏன் வந்துச்சுன்னா என்னாலதான். கடலரசன்னு ஒரு கவிஞர், தன் கவிதை மூணு காலேஜுல பாடமா வரப்போகுதுன்னார். நான் ‘வரலாம்’னு போட்டேன். இன்னும் முடிவாகலைன்னு எனக்குத் தெரியும்ல. அவர் ஆபீஸுக்கே வந்து கத்தினார். அன்னிக்கு சார் என்கிட்ட சொன்னார், "எழுத்தாளர் சொல்றதைத் திருத்த நீ யாரு? அப்படியே போடு."

சரின்னு அப்படியே போட்டுக்கிட்டு வரேன்.

இந்திராணியம்மாவுக்குப் போட்டப்ப மணி ஆறு. ஆறரைக்குக் குழந்தைகள் காப்பகம் மூடிடுவாங்க, லேட்டாப் போனா இவ கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. ஒரு கையில போன், ஒரு கையில டைப்பிங். "அம்மா, சாதனை சொல்லுங்க."

"என்ன சாதனை? ஒண்ணுமில்ல பச்சை."

"ஏதாச்சும் சொல்லுங்கம்மா. வெள்ளையா விட்டா நல்லா இருக்காது."

அப்புறம் சொன்னாங்க. "எழுதிக்கோ. விழுந்துபோன மனுஷனை தினம் குளிப்பாட்டினேன். மூணு வேளையும் ஊட்டினேன். முதுகு புண்ணாகாம ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டேன். ஒரு வரி எழுதல. போடு. இதைப் போடு உன் மலர்ல." சொல்லிட்டுச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சா சம்மதம்னுதானேக்கா அர்த்தம்? எங்க ஊருல அப்படித்தான்.

போட்டேன். மலர் பாஷையில போட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

‘பக்கவாதத்தால் படுத்த கணவரை நாள் தவறாமல் குளிப்பாட்டினார்.
மூன்று வேளையும் உணவு ஊட்டினார்.
முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தார்.
ஒரு வரியும் எழுதவில்லை.’

நாலு வரி ஆச்சு. கடைசி வரியையும் போட்டதாலதான் நாலு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெள்ளைப் பக்கம் நிறைஞ்சு போச்சு, இனி யாரும் அவங்களை எடுக்க முடியாதுன்னு. வரி எண்ணி வரிசையா அடுக்குறப்ப, கடலரசனுக்கு மூணு வரி, இந்தம்மாவுக்கு நாலு. முப்பத்தாறாவது இடத்துல இருந்தவங்க பதினேழாவது இடத்துக்கு வந்துட்டாங்க, அவருக்கு ஒரு படி மேல. நான் என்ன பண்ண முடியும்? வரிதானே கணக்கு?

சார் மலரை முழுசாப் படிக்க மாட்டார்க்கா. முதல் பத்துப் பக்கம் கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிப்பார். அப்புறம் போட்டோ நேரா இருக்கான்னு பாப்பார். புத்தகத்துக்குன்னே இருக்குற ஆபீஸு, ஆனா அங்க படிக்கிறதுக்குத்தான் யாருக்கும் நேரமில்ல.

விழா அன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு ஹால் நிறைஞ்சுடுச்சு. என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டப் போயிட்டார், வேன் ஓட்டுறார். நல்லவர், ஒரு வேலை சொன்னாச் செய்வார். சொல்லணும். அன்னிக்குச் சொல்ல நேரமில்ல, அதனால லச்சுவும் என் இடுப்புலதான். ஒரு கையில இவ, ஒரு கையில சால்வை அடுக்கு. பேர் கூப்பிடக் கூப்பிட மேடைக்கு எடுத்துக் குடுக்கணும்.

இந்திராணியம்மா வந்திருந்தாங்க. பக்கத்து வீட்டம்மாவை அவர்கிட்ட உக்காரவெச்சுட்டு, ஏழு மணி நேரம் கடன் வாங்கிக்கிட்டு வந்தேன்னாங்க. நீலக் கலர்ல சில்க் காட்டன் புடவை, மடிப்புக் கலையல, ரொம்ப நாள் பீரோவுலயே இருந்த வாசனை. லச்சு கன்னத்தைத் தொட்டுட்டு, "இவ உன்னைத் தூங்க விடுறாளா?"ன்னு கேட்டாங்க. "எங்கம்மா"ன்னேன். மலரை யாரும் அப்பப் பிரிக்கல. எல்லார் கையிலயும் சமோசா.

தொகுத்து வழங்குறதுக்கு டிவியில இருந்து ஒரு பொண்ணு வந்திருந்துச்சு. என்ன குரல்! கோயில் மணி மாதிரி. அது மலரைப் பாத்து ஒவ்வொருத்தருக்கும் வாசிக்குது. "எட்டு மொழிகளில் இவரது நாவல்!" கைதட்டு. "திரைப்படமாகிறது இவரது கதை!" கைதட்டு. பதினேழாவது. "எழுத்தாளர் இந்திராணி அவர்கள்!" அவங்க மேடை ஏறிட்டாங்க. சால்வை போட்டாச்சு. அந்தப் பொண்ணு முன்னாடியே படிச்சுப் பாக்கல போல, அதே குரல்ல ஆரம்பிச்சுடுச்சு. "பக்கவாதத்தால் படுத்த கணவரை நாள் தவறாமல் குளிப்பாட்டினார்!"

பழக்கத்துல ரெண்டு பேர் கை தட்டிட்டாங்க. அப்புறம் நிறுத்திட்டாங்க.

அந்தப் பொண்ணு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. குரல் மட்டும் இறங்கிக்கிட்டே வந்து, நாலாவது வரியைக் காதுக்குள்ள சொல்ற மாதிரி சொல்லிச்சு. பின் வரிசையில யாரோ ‘க்ளுக்’னு சிரிச்சாங்க. கடலரசன் மலரைப் பிரிச்சு வரி எண்ணிக்கிட்டிருந்தார். சார் முகம் அப்படியே நின்னுபோச்சு. நான் மட்டும் ஒண்ணும் புரியாம, நல்லாத்தானே வந்திருக்குன்னு நிக்கிறேன்.

இந்திராணியம்மா போய் மைக்கைப் பிடிச்சாங்க. நன்றி சொல்லப் போறாங்கன்னு நினைச்சேன்.

"இதுல ஒரு திருத்தம்"னாங்க. "நாள் தவறாமல்னு போட்டிருக்கு. தப்பு. பதினோரு நாள் நான் அவரைக் குளிப்பாட்டல. முடியாம இல்ல. உடம்பு சரியில்லாம இல்ல. வேணும்னே விட்டேன். அவர் கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். நான் சமையல்கட்டுல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். அதையும் சேர்த்துக்குங்க."

அவ்வளவுதான். கீழ இறங்கி, நாற்காலியில சால்வையை மடிச்சு வெச்சுட்டு, கைப்பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கணுமில்ல. யாரும் கை தட்டல. எனக்குத் தட்டணும் போல இருந்துச்சு. ரெண்டு கையிலயும் சாமான்.

சொல்லுங்க, இதுல நான் பண்ணின தப்பு என்ன? பொய்யா போட்டேன்? அவங்க சொன்னதுதானே? சரி, அந்தப் பதினோரு நாளை என்கிட்ட சொல்லல, சொல்லியிருந்தா அதையும் போட்டிருப்பேன், அஞ்சு வரி ஆகியிருக்கும். ஊருல இதுக்கெல்லாம் வெக்கப்படுவாங்களா? எங்க பெரியம்மா மாமனாரை ஒம்பது வருஷம் பாத்துச்சு, ஊரே சொல்லும். இங்க என்னடான்னா மறுநாள் சார் மேஜையைத் தட்டுறார். "முகமை மானத்தையே வாங்கிட்டே!" நான் சொன்னேன், "நாலு வரி இருக்கே சார்." "அது சாதனை இல்ல." "பின்ன என்ன சார்?" "வீட்டு வேலை!" டீ ஆறிக்கிட்டிருந்தது, எடுத்துக்கிட்டுப் போயிச் சூடு பண்ணிக் குடுத்தேன்.

ஆனா அந்தப் பதினோரு நாள் எப்படிக்கா எண்ணி வெச்சிருப்பாங்க? அதுதான் எனக்குப் புரியல. நானா இருந்தா எண்ண மாட்டேன். எதுக்கு எண்ணணும்? இவ பொறந்து ஆறாவது மாசம், ஒரு நாள், ராத்திரி பகல் அழுகை. நான் இவளைப் பாயில போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு, வெளிய மாடிப்படியில போயி உக்காந்துட்டேன். உள்ள கத்துறா. நான் படியில இருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கிட்டே இருந்தேன். எவ்ளோ நேரம்னு தெரியல. ஒரு நாள்தான். இல்ல, ரெண்டு. தீபாவளிக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு, மூணு. சரி விடுங்க, அதெல்லாம் எல்லா வீட்டுலயும் இருக்குறதுதான்.

அப்புறம் ரெண்டு வியாழக்கிழமை போன் வரல. பத்தரை ஆகும், நான் போனைப் பாப்பேன். அது என்னைப் பாக்கும். கோபமா இருப்பாங்கன்னு நினைச்சேன். நானே போட்டுப் பேசலாம்னா என்னன்னு ஆரம்பிக்கிறது? "அம்மா, சால்வையை மறந்துட்டீங்க"ன்னா?

முந்தாநாள் வியாழன். பத்தரைக்கு அடிச்சுது. எடுத்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி, "பச்சை, எனக்கு ஏதாச்சும் வந்திருக்கா?"

நான் நாற்காலியை விட்டு எழுந்துட்டேன். "இல்லம்மா, ஒண்ணும் வரல."

"சரி, அடுத்த வாரம் கேக்குறேன்."

அவ்வளவுதான் பேசினது. அன்னிக்குப் பூரா எனக்கு வேலையே கனமாத் தெரியல.

நேத்து சாயங்காலம் சார் காலண்டரைப் பாத்துட்டுத் தாம்தூம்னு குதிக்கிறார். இந்திராணியம்மாவோட ஒப்பந்தம் இன்னியோட முடியுது, சார் கணக்குல அந்தப் பக்கம் இந்த வருஷமும் வெள்ளைதான். அதுல ஒரு விதி இருக்கு, நான் எத்தனையோ தடவை டைப் அடிச்ச விதி. கடைசி நாளுக்குள்ள வேணாம்னு எழுத்து மூலமா கையில குடுத்துக் கையெழுத்து வாங்கணும். வாங்கலைன்னா ஒப்பந்தம் தன்னால இன்னொரு வருஷம் ஓடும். போன்ல சொன்னாச் செல்லாது. சார் வெச்ச விதிதான், எழுத்தாளருங்க ஓடிடக் கூடாதுன்னு. இப்ப அவரே மாட்டிக்கிட்டார். கூரியர்ல போட்டா திங்கக்கிழமைதான் போகும். "நீயே நேர்ல போயிக் குடு. இது நீ இழுத்து விட்டது"ன்னுட்டார். டைப் பண்ணச் சொன்னார். அப்படியே டைப் பண்ணினேன். ‘தங்களுடன் இதுவரை பயணித்ததில் பெருமை கொள்கிறோம். தங்கள் எழுத்துப் பணி மேலும் சிறக்க வாழ்த்துகிறோம்.’ படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ரெண்டு வருஷமா ஏதாச்சும் வந்திருக்கான்னு கேட்டவங்களுக்கு இன்னிக்குத்தான்க்கா ஒண்ணு வருது. அதை என் பையில வெச்சிருக்கேன்.

காலையில நாலரைக்கு எழுந்தேன். சமைச்சு, துவைச்சு, இவளுக்கு ஊட்டி, சனிக்கிழமை காப்பகம் லீவுன்னு தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ்ஸு. பாடியில இருந்து ஆவடி வரைக்கும் நின்னுக்கிட்டேதான் வந்தேன். இடுப்பு விட்டுப்போச்சு. அதுகூடப் பரவாயில்ல. போயிக் கதவைத் தட்டினா அவங்க கை ஈரமா இருக்கும், புடவையில துடைச்சுக்கிட்டுக் கவரை வாங்குவாங்க. முகத்துல ஒரு வெளிச்சம் வரும் பாருங்க, ஏதோ வந்திருக்குன்னு. பிரிக்கிற வரைக்கும் இருக்கும். அதைத்தான் எப்படிப் பாக்குறதுன்னு ராத்திரியிலிருந்து...

என்னக்கா? ஏன் தோளைத் தட்டுறீங்க?

ஆமா. கண்டக்டர் கனகம்மாசத்திரம்னு கத்தினது கேட்டுச்சு. போர்டையும் பாத்தேன். நீங்க காலை ஒதுக்கி வழி விட்டதையும் பாத்தேன். உக்காருங்கக்கா, பரவாயில்ல. வண்டி எடுத்துட்டான்.

இல்ல, நிறுத்தச் சொல்லாதீங்க. பாருங்க, இவ எப்படித் தூங்குறான்னு. வாயோரம் எச்சில் வழியுது. இந்தத் தூக்கத்துல எழுப்பினா ஊரைக் கூட்டிடுவா.

சார் கேட்டா என்ன சொல்லுவேனா? நடந்ததைச் சொல்லுவேன். புள்ள தூங்கிட்டிருந்தா, எழுப்ப மனசு வரல, ஸ்டாப்பு போயிடுச்சு. இதுல எது பொய்? அப்படியே சொல்லுவேன், ஒரு எழுத்து மாத்த மாட்டேன். கத்துவார். வேலையை விட்டு எடுப்பேம்பார். எடுக்கட்டும், முப்பத்தாறு பேருக்கும் அவரே போன் போட்டு சாதனை கேக்கட்டும். ஒரு வாரம் தாங்க மாட்டார்.

சால்வையை நாளைக்குக் கொண்டுவந்து குடுக்கணும். நாளைக்கு ஞாயிறு, எனக்கு லீவு. அதுக்கு நானா வரேன், என்னை யாரும் அனுப்பல. மறுபடியும் இதே பஸ்ஸு, இதே இடுப்பு. என்ன பண்றது.

அடுத்த வியாழன் பத்தரைக்குப் போன் அடிக்கும். "பச்சை, எனக்கு ஏதாச்சும் வந்திருக்கா?"ம்பாங்க. "இல்லம்மா, ஒண்ணும் வரல"ன்னு சொல்லுவேன். நல்லாச் சத்தமாச் சொல்லுவேன்.

திருத்தணி வந்தா எழுப்பிவிடுறீங்களாக்கா? ஒரு பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கிறேன். இவ தலையை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்குங்க.